சீட்டு கிடைத்தால் போதுமா?

(தாராவியில் நம் சங்கம் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் இந்த நாட்களில் சங்க அறையில் கூட்டம் நிற்கும். எந்தக் காலேஜ், எவ்வளவு ஃபீஸ், எங்கே ஃபாரம் என்பார்கள். நாங்கள் பத்தாவதோடு ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தவர்கள். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததை விசாரித்துச் சொல்வோம்.

இந்த ஆண்டு புதிதாக ஒரு கேள்வி வந்தது. நம் பகுதியில் தோல்பை தைக்கும் ஒரு தகப்பனார் வந்தார். மகளுக்கு வடக்கே ஒரு மத்தியக் கல்வி நிறுவனத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய செய்தியைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அண்ணாச்சி, அங்க அனுப்பலாமா? பேப்பர்ல என்னென்னவோ போடுதானே" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "படிப்பு இல்லாட்டாலும் போகுது, எம் பிள்ளை உசிரோட இருந்தா போதும்" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தாய்க்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்தக் கூட்டம்.

நாங்கள் செய்த தவறு

முதலில் நம் வீட்டுக் குப்பையைக் கூட்டிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரிலிருந்து ஒரு பையன் பெரிய காலேஜுக்குப் போனான். பெயர் வேண்டாம், காலேஜின் பெயரும் வேண்டாம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கிப் படித்தவன். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து படித்தவன். அவனுக்கு இடம் கிடைத்தபோது இதே இடத்தில் மாலை போட்டுப் பேசினோம்.

அங்கே போன முதல் வாரத்தில் அவனிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்வி, ராங்க் என்ன? இரண்டாவது, சர்நேம் என்ன? நமக்கு ஏது சர்நேம்? தகப்பன் பெயரைச் சொன்னான். "இது சர்நேம் இல்லையே, உன் ஜாதிப் பெயர் என்ன" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். மூன்றாவது, வீடு எங்கே? நம் பிள்ளைகள் வழக்கமாகச் சொல்வதுபோல் 'சயான்' என்றான். தாராவி என்று தெரிந்த பிறகு, லேபில் அவனோடு சேர்ந்து வேலை செய்தவன் இடம் மாறிக்கொண்டான். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சங்கத்துக்கு வந்து இதையெல்லாம் சொன்னான். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பொறுத்துக்கோ தம்பி, நாலு வருஷம்தானே, படிப்பைப் பாரு" என்றோம். மூன்றாவது செமஸ்டரில் படிப்பை விட்டுவிட்டான். இன்று முதுகில் பெட்டியைச் சுமந்து பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அந்த வேலை கேவலமல்ல. ஆனால் அவன் அதற்காகப் படிக்கவில்லை. காலேஜ் அவனை ஒதுக்கியது உண்மை. உதவி கேட்டு வந்தவனை வெறும் வார்த்தையோடு திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். அதுவும் உண்மை.

பந்தி பழையதுதான்

தோழர்களே, சாப்பாட்டு மேசை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இங்கே பாதிப் பேருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் சொந்த ஊர். அந்தச் சீமையில் சேரன்மாதேவியில் 1922-இல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி கொடுக்கத் தொடங்கிய இடம் அது. காங்கிரஸ் கமிட்டியின் பணமும் அதற்குப் போயிற்று. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. ஒரு பையன் வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொன்னான். அந்தத் தகப்பன் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதைக் கையில் எடுத்தார்கள். 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே அந்தப் பந்தி ஆட்டிவைத்தது.

அது நூறு வருஷக் கதை என்கிறீர்களா? 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில் சைவக்காரருக்கு ஒரு வாசல், அசைவக்காரருக்கு வேறு வாசல், கை கழுவத் தனித்தனித் தொட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சத்தம் வந்ததும் கிழித்தார்கள். 2023 ஜூலையில் இதே மும்பையில், பவாய் ஐ.ஐ.டி. விடுதிக் கேன்டீனில் 'சைவர் மட்டும் இங்கே உட்காரலாம்' என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, மூன்று விடுதிகளுக்கான உணவுக்கூடத்தில் ஆறு மேசைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள்.

யாரும் சைவம் சாப்பிடுவதை நாம் குறை சொல்லவில்லை. அவரவர் நாக்கு, அவரவர் வயிறு. மீன்குழம்புச் சோறு கட்டிக்கொண்டு போன பிள்ளை எழுந்து வேறிடம் போக வேண்டும் என்ற சட்டத்தைத்தான் கேட்கிறோம்.

படிக்க வந்த பிள்ளைகளுக்கு மட்டுமா இந்த நிலை? டாக்டர் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். திரும்பி வந்து 1917-இல் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. 1918-இல் நம் மும்பையில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். பாடம் நடத்தலாம், பானையைத் தொடக்கூடாது! கல்லூரிக்குள்ளே இருக்கும் காற்று எப்படிப்பட்டது என்பதை அவரைவிட அனுபவித்தவர் யார்?

அந்தப் பெயர்களை மறக்க வேண்டாம்

பேப்பரில் போடுகிறார்களே என்று அந்தத் தகப்பனார் கேட்டாரல்லவா, அதையும் மறைக்காமல் பேசுவோம்.

2008-இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்து செந்தில்குமார். பன்றி வளர்த்துப் பிழைத்த பன்னியாண்டிக் குடும்பத்திலிருந்து பௌதிக ஆராய்ச்சிக்குப் போனவர். 2016 ஜனவரி 17, அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. 2017 மார்ச்சில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர், மறுபடியும் சேலத்துப் பிள்ளை, முத்துக்கிருஷ்ணன். 2019 மே 22, நம் மும்பை நாயர் மருத்துவமனையோடு சேர்ந்த டோபிவாலா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பாயல் தட்வி, ஜல்காவ் பக்கத்துப் பழங்குடிப் பெண். 2023 பிப்ரவரி 12, பவாய் ஐ.ஐ.டி.யில் தர்ஷன் சோலங்கி. வயது 18. அகமதாபாத்தில் பிளம்பர் வேலை செய்பவரின் மகன்.

இவர்கள் எல்லோரும் உயிரை இழந்தார்கள். தர்ஷன் விஷயத்தில் ஜாதிப் பாகுபாட்டுக்கு நேரடி ஆதாரம் இல்லை என்று நிறுவனத்தின் கமிட்டி சொன்னது. குடும்பம் அதை ஏற்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒன்று: அந்த ஆண்டு ஜூலையில், ஒருவரையொருவர் நுழைவுத்தேர்வு ராங்க் என்ன என்று கேட்பதும் ஜாதியைத் தெரிந்துகொள்ளும் வழியாகலாம், கேட்காதீர்கள் என்று அதே ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. நம் பையன் ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்ன முதல் கேள்வி அதுதானே! இல்லாத நோய்க்கு யாராவது மருந்து எழுதிக் கொடுப்பார்களா?

2007-இல் பேராசிரியர் தோரட் கமிட்டி தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியை விசாரித்து அறிக்கை கொடுத்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியில் தனியாக ஒதுங்கி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டதை அது எழுதி வைத்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இன்னொன்று: முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்கள் படிப்பை இடையில் விட்டிருக்கிறார்கள். வேறு படிப்புக்கு மாறிப் போனவர்களும் உண்டு என்றது அரசு. இருக்கலாம். எத்தனை பேர் நம் பையனைப்போல் வீட்டுக்கு வந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்?

நமக்கு மட்டும் இரட்டைப் பூட்டு

இந்த ஊரில் பிழைக்க வந்த நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. வழக்கே நம் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியின் இடத்துக்காகத்தான். ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் இங்கே வந்த பழங்குடி மாணவர் கேட்டார். ஒரு மாநிலத்தில் எஸ்.சி. அல்லது எஸ்.டி.யாக இருப்பவர் இடம்பெயர்ந்து போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. எஸ்.சி. என்றால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். குடிசை இடிபட்டபோதும் மழைவெள்ளத்திலும் போன காகிதத்தை எங்கே தேடுவது?

ஆகவே மாநில அரசுக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடஒதுக்கீட்டு வாசல் பெரும்பாலும் மூடியிருக்கிறது. சொந்த ஊர்ச் சான்றிதழை வைத்து நுழையக்கூடிய வாசல் மத்திய நிறுவனங்களின் வாசல்தான். பயம் என்று சொல்லி அதையும் நாமே சாத்திக்கொண்டால் மிச்சம் என்ன? அதனால்தான் 'போகாதே' என்ற பதில் நமக்குக் கட்டுப்படியாகாது.

யூதர்கள் கேட்ட கேள்வி

இது உலகத்தில் நமக்கு மட்டும் வந்த கவலையல்ல. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவர் லோவெல் 1922-இல், யூத மாணவர்கள் பெருகிவிட்டார்கள், 15 சதவீதத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்று யோசனை சொன்னார். ஆசிரியர்களின் எதிர்ப்பால் வெளிப்படையான கோட்டா வரவில்லை. ஆனால் விண்ணப்பத்தில், உன் பெயரோ உன் தகப்பன் பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி முளைத்தது. சர்நேம் என்ன என்ற கேள்வி மராட்டியில் மட்டுமல்ல, ஆங்கிலத்திலும் உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். 1948-இல் யூதர்கள் பணம் திரட்டி, எல்லா மதத்தாருக்கும் திறந்த பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தினார்கள்.

2023 அக்டோபருக்குப் பிறகு, இஸ்ரேல்-காசா போரின் சூடு அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் பரவியது. அந்த டிசம்பரில் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களின் தலைவர்களை அந்த நாட்டு நாடாளுமன்றம் அழைத்துக் கேள்வி கேட்டது. யூதக் குடும்பங்கள், இந்தக் காலேஜில் எம் பிள்ளை தன் அடையாளத்தோடு நடமாட முடியுமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுக்கத் தொடங்கின. பாலஸ்தீனத்துக்காகப் பேசிய மாணவர்களும், முஸ்லிம் குடும்பங்களும் தங்கள் பக்கத்திலிருந்து அதே பயத்தைச் சொன்னார்கள். போரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். பிள்ளையை அனுப்பும் தாயின் கேள்வி எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? செம்பூரில் ஆச்சார்யா மராத்தே கல்லூரியில் ஹிஜாப் அணியக்கூடாதென்று விதி வந்தபோது ஒன்பது மாணவிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. இந்தக் கூட்டத்தில் இருக்கும் நம் இஸ்லாமியத் தாய்மார்களுக்கு அந்த வருஷத்தின் ஜூன், ஜூலை எப்படிப் போயிருக்கும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

நமக்கென்று நாமே கல்லூரி கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். நல்ல வழிதான். இந்த ஊர் அதைப் பார்த்திருக்கிறது. மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் 1932-இல் கல்விச் சங்கம் அமைத்தார்கள். அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கி, மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். உழைக்கிறவன் காலையில் படித்துவிட்டு வேலைக்குப் போக அங்கே வழியிருந்தது. ஆனால் எல்லாப் படிப்புக்கும் நாம் கல்லூரி கட்ட முடியாது. ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் நம் வரிப்பணம். ரிசர்வேஷன் டிக்கெட் வைத்திருப்பவனைப் பார்த்து, உன் சீட்டில் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருக்கிறார், நீ வேறு வண்டியில் போ என்று நாங்கள் கவுன்ட்டரில் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா?

ஃபாரம் போடுமுன் கேளுங்கள்

அப்படியானால் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டும் அனுப்ப வேண்டாம், கதவை மூடிக்கொண்டும் உட்கார வேண்டாம். மாப்பிள்ளை வீட்டை எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! நாலு வருஷம் பிள்ளை இருக்கப்போகிற இடத்தை விசாரிக்கக் கூடாதா?

ஒன்று. பாகுபாடு நடந்தால் புகார் வாங்க ஆள் உண்டா? 2012-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். போர்டு இருந்தால் போதாது. அறையும் ஆளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு. விடுதியில் அறை எப்படி ஒதுக்குகிறார்கள்? சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கலந்து உட்காருகிறார்களா?

மூன்று. ஸ்காலர்ஷிப் பணம் வருமுன்பே முழு ஃபீஸைக் கட்டச் சொல்வார்களா? 2018 பிப்ரவரியில் செம்பூருக்குப் பக்கத்தில், தேவ்னார் டாட்டா சமூகவியல் கழகத்தில் இந்த ஃபீஸ் சலுகைக்காகத்தான் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நல்ல பெயருள்ள இடத்திலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நான்கு. தமிழ், இந்தி, மராத்தி மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் தனியாகச் சொல்லித் தருகிறார்களா?

ஐந்து. அங்கே படித்துக்கொண்டிருக்கும் நம் போன்ற வீட்டுப் பிள்ளை ஒருவரையாவது பார்த்துப் பேசுங்கள். பவாயில் அம்பேத்கர் பெரியார் புலே படிப்பு வட்டம் என்று மாணவர்கள் நடத்துகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் எடுத்தார்கள். நாடு முழுவதும் குரல் எழுந்ததும் அடுத்த மாதமே திரும்பக் கொடுத்தார்கள். பிரின்சிபால் அறையில் கிடைக்காத பதில் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்காவிட்டால் அனுப்பக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. இரண்டு இடம் கிடைத்தால் நல்ல காற்று உள்ள இடத்தைப் பிடியுங்கள். ஓர் இடம்தான் கிடைத்ததென்றால், எங்கே பள்ளம் என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரிந்து போகிற பிள்ளை, 'என்னிடம்தான் ஏதோ குறை' என்று தன்னையே அரித்துக்கொள்ளாது.

சேர்த்துவிட்ட பிறகு

தாய்மார்களே, இதுதான் முக்கியம். வாரம் ஒரு முறை போனில் "மார்க் என்ன" என்று மட்டும் கேட்காதீர்கள். யாரோடு சாப்பிட்டாய், யார் உன் சிநேகிதர், ராத்திரி தூங்கினாயா என்று கேளுங்கள். பிள்ளை வருத்தத்தைச் சொன்னால் 'பொறுத்துக்கோ' என்ற வார்த்தையை வாயில் வைக்காதீர்கள். தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ராகிங் என்றால் 1800-180-5522 என்ற எண் இருக்கிறது. மனம் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மானஸ், காசில்லாமல் இரவும் பகலும் பேசலாம். இரண்டு எண்களையும் சங்கப் பலகையில் எழுதிவிட்டோம்.

படிப்பை விட்டு வருவதா, தொடர்வதா என்ற நிலை வந்தால், பிள்ளை வீட்டுக்கு வரட்டும். தோற்றுவிட்டான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. உயிரோடு வந்த பிள்ளை வேறு கல்லூரியிலும் படிக்கும்.

சட்டத்துக்காகப் போராடியவர்களும் தாய்மார்கள்தான். ரோஹித்தின் அன்னை ராதிகா வெமுலாவும், பாயலின் அன்னை ஆபேதா தட்வியும் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் மானியக் குழு புது விதிகளை வெளியிட்டது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது. இரண்டு தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்காக அல்ல, அவர்கள் போய்விட்டார்கள், நம் பிள்ளைகளுக்காகப் படியேறினார்கள். நாம் கல்லூரி அலுவலகப் படி ஏறக் கூச்சப்படலாமா?

கடைசியாக, அந்தத் தகப்பனாருக்கும் தாய்க்கும் எங்கள் பதில். அக்கா, மகளை அனுப்புங்கள். ஆனால் தனியாக அனுப்ப வேண்டாம். சேரும் நாளில் சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூட வருகிறோம். ரயில்வே லீவு கேட்டாயிற்று. விடுதியையும் உணவுக்கூடத்தையும் பார்த்து, புகார் வாங்கும் அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். மாதம் ஒரு தடவை பிள்ளையோடு பேசுவதற்கு ஒரு தோழரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம். இனி நம் பகுதியிலிருந்து வெளியே படிக்கப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே ஏற்பாடு. இதைத் தீர்மானமாக முன்வைக்கிறோம், கைதூக்கி ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி இழந்த அந்தப் பையன், இப்போது வாசல் பக்கம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தம்பி, திறந்தவெளிப் பல்கலைக்கழக ஃபாரம் சங்க அறையில் உனக்காக எடுத்து வைத்திருக்கிறது. நாளைக்கு வா.